கவுன்சிலிங் போகலாமா? முடிவெடுப்பதில் தொடங்கி முடித்துக்கொள்வது வரை

"போகலாமா, வேண்டாமா?" என்ற கேள்வியிலேயே பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். போயே ஆக வேண்டும் என்று தோன்றுகிற நடுராத்திரியில் யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட முடிகிற பகலில் "இப்போது பரவாயில்லையே" என்று தோன்றிவிடும். இந்த இழுபறிக்கு முக்கியக் காரணம், முடிவைத் தேவைக்கு மேல் பெரிதாக்கி வைத்திருப்பதுதான் என்பது என் எண்ணம். தனக்கு ஏதோ கோளாறு என்று ஒப்புக்கொள்வது, வருடக்கணக்கில் போய்வருவது, முன்பின் தெரியாத ஒருவரிடம் வாழ்க்கை முழுவதையும் கொட்டுவது என்று எல்லாவற்றையும் அந்த ஒரே கேள்விக்குள் திணித்துவிடுகிறோம். அவ்வளவையும் சேர்த்து ஒரே நாளில் யாராலும் முடிவு செய்ய முடியாது.

அதனால் முடிவைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரச்சினை, ஒரு ஆலோசகர், நான்கு அமர்வுகள். அதற்குப் பிறகு தொடர்வதா, ஆளை மாற்றுவதா, நிறுத்துவதா என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அளவில்தான் போகிறது.

படி 1: இது காத்திருக்கக்கூடியதா?

நாள் குறித்து, காத்திருந்து, வாரம் ஒருமுறை போய்ப் பேசுவது எல்லா நிலைமைக்கும் பொருந்தாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது, அதை எப்படிச் செய்வது என்றும் மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது என்றால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லி, உங்களோடு இருக்கச் சொல்லுங்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கவுன்சிலிங் எல்லாம் அதற்குப் பிறகு.

மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பல நாட்கள் தூங்காமலே களைப்பில்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைப்பது, இவையெல்லாம் மனநல மருத்துவர் பார்க்க வேண்டியவை. தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் மன உறுதியை மட்டும் நம்பி ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரை போகலாம். அதற்கும் முதலில் மருத்துவர்தான்.

உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் மந்தமும் சோர்வும் வரும். அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். இரத்தசோகை, பி12 குறைபாடு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் எல்லாம் மனச்சோர்வு மாதிரியோ பதற்றம் மாதிரியோ தோற்றம் காட்டும். முதல்முறையாக நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறினால் "பேனிக் அட்டாக்தான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு அந்தப் பெயரை வைக்கலாம்.

வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்தால் அங்கே முதல் வேலை பாதுகாப்பு. அந்த நிலையில் இருவரும் சேர்ந்து தம்பதி கவுன்சிலிங் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அறையில் வாய் திறந்து சொன்னதற்கு வீட்டுக்கு வந்த பிறகு விலை கொடுக்க வேண்டி வரலாம். தனியாக உதவி தேடுவதே சரி.

படி 2: வாழ்க்கை எவ்வளவு சுருங்கியிருக்கிறது?

"என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர், எனக்கென்ன கவுன்சிலிங்?" என்று ஒரு குரல் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. பல்வலி வந்தவர் யாரும், கால் முறிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுவதில்லை. வலியின் அளவை வைத்துத் தகுதி பார்க்க ஆரம்பித்தால் கடைசி வரை நமக்குத் தகுதி வராது.

அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: முன்பு செய்துகொண்டிருந்த எதையெல்லாம் இப்போது செய்யாமல் விட்டுவிட்டீர்கள்? போன் அடித்தால் எடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆள் வரும் இடத்துக்குப் போவதில்லை. வந்த கடிதத்தைப் பிரிப்பதில்லை. லிஃப்ட்டில் ஏறுவதில்லை. நண்பர்களிடம் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறீர்கள். இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தவிர்க்கத் தவிர்க்க அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். கூடவே பயமும் வேர்பிடிக்கும். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்றால், உள்ளே எவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்கே சரியாகத் தெரியாவிட்டாலும், உதவி தேட அது போதுமான காரணம்.

கூடவே கவனிக்க வேண்டியவை: தூக்கம், பசி, வேலையில் கவனம், பிடித்த விஷயங்களில் ஆர்வம், இவற்றில் ஏற்பட்ட மாற்றம் பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? ஒரே சண்டை அதே வசனங்களோடு திரும்பத் திரும்ப நடக்கிறதா? தூங்குவதற்கோ மறப்பதற்கோ குடி, மாத்திரை, விடிய விடிய போன் என்று ஏதாவது ஒன்று தேவைப்படுகிறதா? நெருங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக "நீ முன்னே மாதிரி இல்லை" என்று சொன்னார்களா?

எண் வேண்டும் என்பவர்களுக்கு மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 (PHQ-9) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது என்று கணக்கு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது. பதற்றத்துக்கு இதேபோல ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 இருக்கிறது. அதன் மொத்தம் 21. இரண்டுமே சல்லடைகள்தான். நோய் இன்னதென்று அவை முடிவு சொல்லாது. பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு 0 தவிர வேறு பதில் வந்தால் தாமதிக்காமல் யாரிடமாவது பேசுங்கள்.

நோய்ப் பெயர் இருந்தால்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மணமுறிவு, வேலை மாற்றம், பெற்றோரோடு தீராத உரசல், குழந்தை வேண்டுமா வேண்டாமா என்ற குழப்பம் போன்றவற்றுக்காகவும் நிறையப் பேர் போகிறார்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. நெருங்கிய ஒருவர் இறந்து சில வாரங்களே ஆகியிருக்கின்றன, அழுகை நிற்கவில்லை என்றால் அது துக்கம். பெரும்பாலானவர்கள் சுற்றி இருப்பவர்களின் துணையோடு, காலப்போக்கில் அதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். துக்கம் கொஞ்சமும் இளகாமல் நீள்வதைத் தனிப் பிரச்சினையாகக் கருத, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5-டிஆர் என்ற கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்றும் கால அளவு வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே போனால் தவறு என்று அர்த்தமில்லை. தாங்க முடியவில்லை, பேச ஆளில்லை என்றால் தாராளமாகப் போகலாம். "கண்டிப்பாகப் போயே ஆக வேண்டும்" என்று யாரும் நெருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

விபத்து, பேரிடர் போன்றவற்றைச் சந்தித்தவர்களை அடுத்த சில நாட்களிலேயே உட்கார வைத்து, நடந்ததை விவரமாகச் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வு முறை ஒன்று ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்குப் பாதகமாகவும் முடியலாம் என்ற சந்தேகம் எழுந்ததால் இப்போது அது பரிந்துரைக்கப்படுவதில்லை. முதல் நாட்களில் பாதுகாப்பும் தூக்கமும் தெரிந்த மனிதர்களும் போதும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சிகள் கண்முன் வந்துகொண்டே இருந்தால் அப்போது நிபுணர்.

இன்னொரு வகை: கடன், வழக்கு, வேலை நீக்கம். இவற்றின் அழுத்தத்தைத் தாங்க கவுன்சிலிங் உதவும்; கடனை அது அடைக்காது. பணமும் நேரமும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் வழக்கறிஞரையோ நிதி ஆலோசகரையோ பாருங்கள்.

"அவர் மாற வேண்டும், அதற்கு என்ன வழி?" என்று கேட்கப் போகிறவர்களும் உண்டு. அறைக்குள் வராத ஒருவரை எந்த ஆலோசகராலும் மாற்ற முடியாது. அவரோடு வாழும் நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் அங்கே பேசக்கூடியது. அது போதுமா என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

படி 3: ஒரு வரி எழுதுங்கள்

பலர் தாண்டிப் போய்விடுகிற படி இது. பின்னால் நான்காவது அமர்வில் அளந்து பார்க்க இது ஒன்றுதான் கையில் இருக்கும்.

"பதற்றம் போக வேண்டும்" என்று எழுதினால் அது போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? "மீட்டிங்கில் என் முறை வரும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி வெளியே போய்விடுகிறேன், உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு எழுந்தால் போதும்" என்று எழுதினால் தெரியும். "அம்மாவோடு பேசி முடித்த பிறகு அன்றைய நாள் முழுக்க வீணாகிறது, ஒரு மணி நேரத்தில் என் வேலைக்குத் திரும்ப வேண்டும்" என்பதும் நல்ல வரி. என்ன பிரச்சினை என்றே தெரியவில்லை, எல்லாம் வெறுமையாக இருக்கிறது என்றால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அமர்வுகளின் வேலை அந்த வரியைக் கண்டுபிடிப்பதாக இருக்கும்.

படி 4: யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளும் பேச்சு சிகிச்சையும் செய்பவர். பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். கவுன்சிலர் என்ற பெயரில்தான் சிக்கல். பல வருடம் படித்து, மேற்பார்வையில் பயிற்சி எடுத்தவரும் அந்தப் பெயரில் இருக்கிறார்; வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் இருக்கிறார். பல நாடுகளில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டத் தடை எதுவும் கிடையாது. எனவே பலகையை நம்பாமல், என்ன பட்டம், எந்த அமைப்பில் பதிவு, நேரடியாக ஆட்களைப் பார்க்க எவ்வளவு காலம் பயிற்சி என்று கேளுங்கள். பதிவு எண் சொன்னால் அந்த அமைப்பின் பட்டியலில் சரிபாருங்கள்.

மருந்தா, பேச்சா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையிலேயே தொடங்கலாம். கடுமையானது, நெடுநாளாக இருப்பது என்றால் இரண்டும் சேரும்போது பலன் கூடுதல். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று நினைத்து அவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சிகிச்சை முறைகளின் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய சிபிடி (CBT) என்ற பேச்சு சிகிச்சை, எண்ணத்துக்கும் உணர்வுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. இப்போதைய பிரச்சினையில் கவனம், வாரா வாரம் வீட்டுப்பாடம், பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகள். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரின் வழி வந்தவர்கள் அறிவுரையைக் குறைத்து, எடைபோடாமல் கேட்பதை மையமாக வைப்பார்கள். ஃபிராய்டில் இருந்து கிளைத்த முறைகள் பழைய உறவுகளின் அச்சு இன்றைய உறவுகளில் எப்படிப் பதிகிறது என்று தேடும்; காலம் கூடுதலாக எடுக்கும்.

பொதுவான மனச்சோர்வுக்கு இவற்றில் எது என்பது நினைக்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. சில பிரச்சினைகளில் மட்டும் முறை முக்கியம், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். வேண்டாத எண்ணத்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓசிடிதான் (OCD) அதற்கு நல்ல உதாரணம். கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை பார்ப்பவருக்கு "பூட்டியாச்சு, கவலைப்படாதீங்க" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஆலோசகர், தெரியாமலே அந்தச் சுழலுக்குத் தீனி போடுகிறார். பயம் வரும் சூழலுக்குப் படிப்படியாகப் பழக்கி, சரிபார்க்காமல் இருக்கப் பயிற்சி தரும் முறையே அங்கே தேவை. அதைச் செய்யத் தெரியுமா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். மனவடுவுக்கு, அதை மையப்படுத்திய சிபிடியும், 1980-களின் கடைசியில் ஃபிரான்சின் ஷபிரோ அறிமுகப்படுத்திய, கண்களை இடவலமாக அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் இஎம்டிஆரும் (EMDR) ஆய்வுகளில் நிரூபணமானவை.

மொழியையும் கணக்கில் எடுங்கள். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுகிறீர்களோ, அந்த மொழி தெரிந்தவர் கிடைத்தால் பாதி வேலை சுலபம். ஆணா பெண்ணா என்பதில் விருப்பம் இருந்தால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உறவினர், நண்பர், உங்கள் மேலதிகாரி போன்றவர்கள் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் உங்களுக்கு ஆலோசகராக இருக்கக் கூடாது. நல்லவராக இருந்தால் அவர்களே மறுத்துவிடுவார்கள்.

ஆன்லைனா, நேரிலா? மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ வழி அமர்வுகள் நேரில் போவதற்கு ஏறக்குறைய ஈடான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. என்ன, பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும் வீடு என்றால் வாயில் உண்மை வராது. அந்த நிலையில் நேரில் போவதே மேல்.

படி 5: பதிவு செய்வதற்கு முன் ஒரு போன்

பத்து நிமிடம் போதும். இவற்றைக் கேளுங்கள்:

- இந்த மாதிரிப் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எந்த முறையில் அணுகுவீர்கள்?
- ஒரு அமர்வு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், வர முடியாமல் போனால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும்?
- கட்டணச் சலுகை உண்டா?
- நான் சொல்வது எந்தெந்தச் சூழலில் வெளியே போகும்?
- குறிப்புகளை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?
- அமர்வுகளுக்கு இடையில் உங்களைத் தொடர்பு கொள்ளலாமா?

பதில்களைப் போலவே, கேள்வியை அவர் எடுத்துக்கொள்ளும் விதமும் முக்கியம். தகுதியைப் பற்றிக் கேட்டதற்கே எரிச்சல்படுகிறவரிடம், பின்னால் "நீங்கள் போன வாரம் சொன்னது எனக்கு வலித்தது" என்று சொல்லிவிட முடியுமா? "மூன்றே அமர்வில் குணம்" என்று உத்தரவாதம் தருகிறவர்களையும் விட்டுவிடுங்கள். இருபது அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாம் நான்குக்குத்தான் வந்திருக்கிறோம்.

ரகசியம் காப்பதற்கு எல்லைகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை மீது வன்முறை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை பொதுவாக விதிவிலக்குகள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில், சிகிச்சைக்கு வருபவரால் வேறொருவருக்குக் கடும் ஆபத்து என்று தெரிந்தால் அவரைப் பாதுகாக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த எல்லை பற்றிய விவாதத்தில் இன்றும் அது பேசப்படுகிறது. "ஒருகாலத்தில் செத்துவிடலாம் போல இருந்தது" என்று சொன்ன மாத்திரத்தில் யாரும் போலீசைக் கூப்பிட்டுவிட மாட்டார்கள். திட்டம் இருக்கிறதா, இப்போது எப்படி இருக்கிறது என்று அமைதியாகக் கேட்பார்கள். நிறுவனம் ஏற்பாடு செய்த கவுன்சிலிங் என்றால் நிறுவனத்துக்கு என்ன தகவல் போகும் என்றும், காப்பீடு மூலம் என்றால் நோய்ப் பெயர் பதிவாகுமா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வீட்டில் சொல்ல வேண்டுமா? நீங்கள் வயது வந்தவர் என்றால் சொல்லாமலும் போகலாம். சொல்வதானால் எல்லோரிடமும் சொல்லாமல், கேள்வி மேல் கேள்வி கேட்காத ஒருவரிடம் மட்டும் முதலில் சொல்லுங்கள். அமர்வு முடிந்து வந்ததும் "என்ன பேசினீங்க?" என்று தினம் விசாரிக்கும் ஒருவர் இருந்தால், அடுத்த அமர்வில் நீங்கள் பேசுவதே மாறிப்போகும்.

படி 6: முதல் அமர்வு

பொதுவாக 45 முதல் 50 நிமிடம். முதல் அமர்வு சில இடங்களில் கொஞ்சம் நீளும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, ரகசியம் பற்றிய விளக்கம், பிறகு கேள்விகள். எப்போதிருந்து, வீட்டில் யார் யார், உடல்நலம், மருந்து, தூக்கம், குடிப்பழக்கம், முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா. இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பார்கள். உங்கள் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார் என்று பதற வேண்டாம்.

படிவம் நிரப்புகிற மாதிரியே முழு நேரமும் போய்விட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. முதல் அமர்வு பெரும்பாலும் அப்படித்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள். அல்லது "எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று சொல்லுங்கள்; அங்கிருந்து எடுத்துச் செல்வது அவர் வேலை. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய கட்டாயம் இல்லை. "அதைப் பற்றி இன்றைக்குப் பேச வேண்டாம்" என்பது முழுமையான பதில். அழுகை வந்தால் வரட்டும், அவருக்கு அது பழக்கம்தான். அழுகையே வரவில்லை, செய்தி வாசிப்பது போல ஒப்பித்துவிட்டு வந்தோம் என்றாலும் ஏதும் தப்பாகிவிடவில்லை.

நிறையப் பேரை ஏமாற்றத்தில் விடுவது ஒன்று இருக்கிறது: ஆலோசகர் ஆலோசனை சொல்வதில்லை! "நான் அவரை விட்டுப் போகட்டுமா?" என்று கேட்டால் "போங்கள்", "இருங்கள்" என்று சொல்லாமல், "போவதை நினைத்தால் முதலில் என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்பார். சில நேரம் பேசாமல் இருப்பார். உங்கள் வாழ்க்கையின் விளைவுகளை அவர் அனுபவிக்கப் போவதில்லை என்பதால் முடிவை உங்களிடமே வைக்கிறார். ஆனால் தூக்கத்துக்கு என்ன செய்வது, பேனிக் வந்தால் எப்படிச் சமாளிப்பது போன்ற கேள்விகளுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தால் குறை அவர் பக்கம்தான். அதற்கெல்லாம் தெளிவான பயிற்சிகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

அமர்வு முடிந்த உடனே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

படி 7: இரண்டில் இருந்து நான்கு வரை

சிலருக்கு முதல் அமர்விலேயே பெரிய ஆறுதல் கிடைக்கும். இரண்டாவது வாரம் சப்பென்று ஆகிவிடும். வேறு சிலருக்கு, மூடி வைத்ததைத் திறந்ததால் ஒன்றிரண்டு நாள் மனது முன்பைவிடக் கனமாக இருக்கும், கனவுகள் வரும், எரிச்சல் கூடும். இரண்டுமே சகஜம். அந்தக் கனம் அடுத்த அமர்வுக்குள் கொஞ்சமாவது இறங்குகிறதா என்று பாருங்கள். வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் உடனே சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பது அவர் கடமை.

வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்யுங்கள். சிபிடியில் பலனின் பெரும்பகுதி அமர்வுக்கு வெளியேதான் கிடைக்கிறது. செய்யவில்லை என்றால் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதே நல்ல பேச்சுப் பொருள்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல், ஆலோசகருக்கும் அவரிடம் வருபவருக்கும் இடையிலான உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒத்த கருத்து, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையே நம்பிக்கை. இந்த மூன்றும் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பலன் நன்றாக இருக்கிறது என்பதைப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. ஆலோசகரைப் பிடிக்கிறது என்பது மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். இனிமையான மனிதர், போனால் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கலாம், ஆனால் எதற்காகப் போகிறோம் என்றே மறந்துவிட்டது என்றால் முதல் இரண்டும் அங்கே இல்லை.

பிடிக்காததை அவரிடமே சொல்வதுதான் இந்தக் கட்டத்தின் கஷ்டமான வேலை. "நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்", "என் அப்பாவைப் பற்றிச் சொன்னதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஆலோசகர் தற்காப்பில் இறங்காமல் அதை எடுத்துக்கொண்டு பேசுவார். வெளியே மனிதர்களிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பழகுவதும் சிகிச்சையின் பகுதிதான்.

படி 8: நான்காவது அமர்வில் கணக்குப் பாருங்கள்

இதை மூன்றாவது அமர்விலேயே சொல்லி வைத்துவிடுங்கள்: "அடுத்த முறை பத்து நிமிடம், எங்கே நிற்கிறோம் என்று பேசலாமா?"

நான்கு அமர்வில் எல்லாம் தீர்ந்துவிடாது. கென்னத் ஹோவர்ட் குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஏறக்குறைய 8 அமர்வுகளில் பாதிப் பேரிடமும் 26 அமர்வுகளில் முக்கால்வாசிப் பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. அதனால் நான்காவதில் கேட்க வேண்டிய கேள்வி, திசை சரியா என்பதே. என் பிரச்சினையை இவர் புரிந்துகொண்டிருக்கிறாரா? அடுத்த சில வாரங்களுக்கு என்ன திட்டம் என்று இருவருக்கும் தெரிகிறதா? அந்த ஒரு வரியில் நகம் அளவாவது அசைவு இருக்கிறதா? முன்னேற்றம் பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும். சண்டை வந்தது, ஆனால் இந்தமுறை அன்று மாலையே ஓய்ந்தது. பயம் வந்தது, ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் போட்ட பிஎச்க்யூ-9-ஐ மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்றால் இன்னொரு நான்கு. "பாதி" என்றால் அவரிடம் பேசி முறையை மாற்றச் சொல்லலாம். "இல்லை" என்றால் ஆளை மாற்றுங்கள். ஒரு ஆலோசகர் ஒத்துவராததை வைத்து, கவுன்சிலிங்கே தனக்கு உதவாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2012-இல் ஜாஷுவா ஸ்விஃப்ட், ரோஜர் கிரீன்பெர்க் இருவரும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் ஐந்தில் ஒருவர் சிகிச்சையை இடையிலேயே விட்டுவிடுவது தெரிந்தது. விடுவதானால், காணாமல் போவதற்குப் பதிலாக "எனக்கு இது ஒத்துவரவில்லை, வேறு யாரையாவது பரிந்துரைப்பீர்களா?" என்று இரண்டு வரி அனுப்புங்கள். அடுத்தவரைத் தேடும் வேலை பாதி குறையும்.

பேச்சு சிகிச்சை யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையும் தவறு. 5 முதல் 10 சதவீதம் பேர் சிகிச்சைக் காலத்தில் முன்பைவிட மோசமாகிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கணக்குப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

நான்கு அமர்வு வரை காத்திருக்காமல் அன்றே வெளியேற வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. பாலியல் நோக்கில் பேச்சோ தொடுதலோ. இன்னொரு ஆளின் கதையைப் பெயரோடு உங்களிடம் சொல்வது. கடன் கேட்பது, தொழிலில் சேரச் சொல்வது. உங்கள் சாதி, மதம், பாலின அடையாளம், பாலீர்ப்பு ஆகியவற்றை இழிவாகப் பேசுவது, அல்லது அவற்றை "மாற்றிக் காட்டுகிறேன்" என்பது. மனநல மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வது. குடும்பத்திடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரித்து, தன்னை மட்டும் நம்பச் சொல்வது. இவற்றுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவர் பதிவு செய்திருக்கும் அமைப்பில் புகார் கொடுக்கலாம்.

படி 9: முடித்துக்கொள்வது

அந்த ஒரு வரி பழங்கதையாகி, போகும்போதெல்லாம் பேச என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டி வந்தால் முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. சில ஆலோசகர்கள் தாங்களாகவே சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் எடுங்கள். வாரம் ஒன்று என்று இருந்ததை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று இடைவெளி விட்டு நிறுத்துவது, ஒரே நாளில் வெட்டிக்கொள்வதைவிட நல்லது. முடிக்கலாம் என்று பேசிய வாரத்தில் பழைய அறிகுறி ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அதை வைத்து உடனே திட்டத்தை மாற்ற வேண்டாம், இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

கடைசி அமர்வில் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, மறுபடி சரியத் தொடங்கினால் முதலில் தெரியும் அறிகுறிகள். உங்களுக்கு அது போன் எடுக்காமல் இருப்பதா, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பதா என்று குறிப்பாக. இரண்டு, அப்போது நீங்களே செய்யக்கூடிய, ஏற்கெனவே உங்களுக்குப் பலன் தந்த விஷயங்கள். மூன்று, எந்த நிலை வந்தால் திரும்ப வர வேண்டும், அப்போது நேரடியாக அவரையே அழைக்கலாமா அல்லது புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா என்பது. வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போகப் போகிறீர்கள் என்றால் சிகிச்சைச் சுருக்கம் ஒன்றும் கேளுங்கள். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்ல வேண்டி வராது.